நண்டு பிடிச்சவளுக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், அங்க நீயும் உன் விலா எலும்பும் நல்லா இருக்கீங்களான்னு தெரியணும். மத்ததைப் படிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு, இந்தக் கவரை நீ பிரிக்கும்போது ஓரத்துல இருந்த தையல் பிரியாம இருந்துச்சா? பசை போட்டு ஒட்டினா ஆவி காட்டிப் பிரிச்சுடுவாங்கன்னு மெஷின்ல வெச்சு சிவப்பு நூல்ல நெருக்கமா ஓட்டியிருக்கேன். தையல் அப்படியே இருந்திருந்தா நீதான் முதல்ல படிக்கிறே. பிரிஞ்சிருந்தா கொண்டு வந்தவரும் படிச்சிருப்பார், படிக்கட்டும், அவருக்கும் சேர்த்துதான் எழுதுறேன், எனக்கென்ன பயம். அவர் இன்னும் எதிர்ல நின்னு உன் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தார்னா முகத்தைக் கொஞ்சம் வாட்டமா வெச்சுக்கோடி, சிரிச்சுத் தொலைச்சுடாதே. உனக்குத்தான் எதையும் முகத்துல மறைக்கத் தெரியாதே, அதான் முன்கூட்டியே சொல்றேன். இது வேற மாதிரிக் கடிதம்னு நினைச்சுத்தான் அவர் இதைச் சுமந்துக்கிட்டு வந்திருக்கார். ஏன்னு விவரமா எழுதுறேன், நீ ஒரு ஓரமா உட்கார்ந்து நிதானமா படி.

போன வாரம் சாயங்காலம் நம்ம வாசல்ல ஒரு கார் வந்து நின்னுச்சு. நம்ம சந்துக்குள்ள கார் நுழைஞ்சாலே மாடி ஜன்னல் அத்தனையும் திறந்துடும்னு உனக்குத் தெரியும். இறங்கினது யாருன்னு பார்த்தா உங்க படகுச் சங்கத்துச் செயலாளர், ஜெயிக்கும்போது மட்டும் எங்கிருந்தோ ஓடி வந்து பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்குவார்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பியே, அவரேதான். கோட்டு, டை, ஷூ எல்லாம் பளபளன்னு. நான் முன் அறையில உட்கார்ந்து பள்ளிக்கூட யூனிபார்ம் பேன்ட்டுக்கு அடி மடிச்சுக்கிட்டு இருக்கேன், கட்டில் பூரா துணி, நாற்காலி பூரா துணி, வந்த மனுஷனுக்கு உட்கார இடம் இல்லை. உன் தம்பி ஒரு நாற்காலியை அவசரமா காலி பண்ணிப் போட்டான். டீயை வாங்கறதுக்கு அவர் கையை நீட்டினப்ப பார்க்கிறேன், கோட்டோட நடுப் பொத்தான் ஒத்தை நூல்ல ஊசலாடிக்கிட்டு இருக்கு. அது என் கண்ணுல பட்டுட்டா நான் சும்மா இருப்பேனா, கழட்டுங்க சார் தைச்சுத் தர்றேன்னு வாங்கிட்டேன். அன்னையில இருந்து நம்ம வீட்டுல அவருக்கு பொத்தான் சார்னே பேராயிடுச்சு.

இனிமேதான் விஷயம். வேலை செய்யும்போது நான் குண்டூசி எல்லாம் எங்க வெச்சுக்குவேன், வாயிலதானே. நீயும் உன் தம்பியும் சின்னதுல எது கேட்கணும்னாலும் நான் உதட்டு நடுவுல ஊசியைக் கவ்விக்கிட்டு இருக்கிற நேரமா பார்த்துத்தான் வந்து கேட்பீங்க. சினிமாவுக்குப் போகட்டுமாம்மா, ம்ம். இன்னைக்கு ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுக்கட்டுமா, ம்ம். அப்புறம் நேரா அப்பாகிட்ட போயி அம்மா சரின்னுட்டாங்கன்னு சாட்சி சொல்லுவீங்க, திருட்டுப் பசங்களா. அந்தத் தந்திரம் உங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்னு இருந்தேன், பொத்தான் சார் தெரியாமலே அதைச் செஞ்சுட்டார். உங்க பொண்ணு நாட்டுக்காக எவ்வளவோ செஞ்சுட்டாம்மான்னார், ம்ம்ன்னேன். வயசுன்னு ஒண்ணு இருக்குங்களேன்னார், ம்ம். இளம் ரத்தத்துக்கு வழி விடணுமில்லையான்னார், ம்ம். தேர்வுப் போட்டிக்கு முன்னாடி அவளாவே ஓய்வுன்னு அறிவிச்சுட்டா பெரிய மண்டபத்துல பாராட்டு விழா எடுப்போம், சங்கத்துலயே உதவி மேலாளர்னு ஒரு நாற்காலி போட்டுத் தருவோம், அதை விட்டுட்டுப் படகுல இறங்கி, புதுசா வந்திருக்கிற அந்தச் சின்னப் பொண்ணுகிட்ட எல்லார் கண்ணு முன்னாடியும் தோத்தா எவ்வளவு அவமானம் நீங்களே சொல்லுங்கன்னார். அதுக்கும் ம்ம்தான், பொத்தானுக்கு அடியில நூலைச் சுத்திக் காம்பு கட்டிக்கிட்டு இருந்தேன், அந்த நேரம் வாயைத் திறந்தா ஊசி தொண்டைக்குள்ள போயிடும். நான் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்கிறதைப் பார்த்து அவருக்கு ஒரே உற்சாகம். போட்டி முடியுற வரைக்கும் கேம்ப்ல போனை எல்லாம் வாங்கி வெச்சிருக்கோம், ஆனா நானே அங்க பறந்து போறேன், உங்க கைப்பட ஒரு கடிதம் எழுதிக் குடுத்தீங்கன்னா பத்திரமா சேர்த்துடுவேன், போதும் கண்ணு வந்துடுன்னு நாலு வரி போதும், அம்மா சொன்னா பொண்ணு தட்ட மாட்டான்னார். நான் நூலைப் பல்லால கடிச்சு அறுத்துட்டு ஊசியை எல்லாம் ஒண்ணொண்ணா எடுத்து குண்டூசி மெத்தையில குத்தினேன். அந்தக் கொஞ்ச நேரத்துல என் வாய்க்கு என்னென்னவோ வந்துச்சு, மனுஷனைக் கிழிச்சுத் தொங்க விட்டிருக்கலாம், நாக்கு துறுதுறுன்னுதான் இருந்துச்சு. ஆனா யோசிச்சுப் பாரு, உன் போனை வாங்கி வெச்சுட்டாங்க, என் வார்த்தை உன்கிட்ட வந்து சேர வேற வழியே இல்லை, இந்த மனுஷன் தானா வீடு தேடி வந்து நான் தூக்கிட்டுப் போறேன்னு நிக்கிறார். சரிங்க சார் நல்லா எழுதித் தர்றேன், நீங்க ஊருக்குக் கிளம்புற அன்னைக்கு வந்து வாங்கிக்குங்க, கோட்டும் இங்கயே இருக்கட்டும், உள் பாக்கெட் கிழிஞ்சிருக்கு அதையும் தைச்சு வெக்கிறேன்னேன். கடிதம் வழியில எங்கயாவது நழுவி விழுந்துடக் கூடாதில்லையா.

உங்கப்பா அப்பதான் டியூட்டி முடிச்சு டிரைவர் சட்டையோட உள்ள வந்தார். வந்தவரையும் உட்கார வெச்சு பொத்தான் சார் இன்னொரு தடவை முதல்ல இருந்து ஆரம்பிச்சார். எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு உங்கப்பா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார், சார் நீங்க அந்தப் படகுல உட்கார்ந்து ஓட்டியிருக்கீங்களான்னு. எனக்குத் தண்ணியைக் கண்டாலே தலை சுத்தும்னு அசடு வழியச் சிரிச்சார். உன் தம்பி சிரிப்பை அடக்க முடியாம சமையல் அறைக்கு ஓடிட்டான். அதோட விட்டிருந்தா நானும் சிரிச்சுட்டு விட்டிருப்பேன், போற போக்குல வாசல்ல நின்னு இன்னொரு வார்த்தை சொன்னார், போன வருஷம் உலகப் போட்டியில அவ நண்டு பிடிச்சாளே, அன்னையில இருந்தே ஜனங்களுக்கு அவ மேல நம்பிக்கை போயிடுச்சுன்னு. எனக்குச் சுருக்குன்னு ஆச்சு.

நண்டுன்னு சொல்ல இவர் யாருடி? அந்த நண்டு நம்ம வீட்டு நண்டு. நீ அன்னைக்குப் போன்ல தேம்பிக்கிட்டே அம்மா நண்டு பிடிச்சுட்டேன்மான்னே, லைன் கரகரன்னு இருக்கு, எனக்கென்ன தெரியும், போட்டி எல்லாம் முடிஞ்சு கரையில விளையாட்டா பிடிச்சிருக்கே போலன்னு நினைச்சுட்டேன். நல்லதாப் போச்சு கண்ணு, நல்லா வேக வெச்சு சாப்பிடு, ஓடு பல்லுல சிக்காம பார்த்துக்கோன்னேன். அந்தப் பக்கம் நீ அழறியா சிரிக்கிறியான்னே தெரியாம ஒரு சத்தம், உடனே லைன் போயிடுச்சு. நான் சும்மா இருந்தேனா, துணி குடுக்க வந்தவங்க வாங்க வந்தவங்க அத்தனை பேர்கிட்டயும் எங்க பொண்ணு உலகப் போட்டியில நண்டு பிடிச்சுட்டான்னு பெருமை அடிச்சுக்கிட்டேன். முனை பேக்கரிக்காரர் எவ்வளவு பெரிசுன்னு கேட்டார், பெரிசாத்தான் இருக்கும், உலகப் போட்டியாச்சேன்னேன். உன் தம்பி ரிப்பேர் கடையை மூடிட்டு வந்து தலையில அடிச்சுக்கிட்டு விளக்கினான். துடுப்பைத் தண்ணியில இருந்து எடுக்குற நேரம் கொஞ்சம் பிசகினாலும் தண்ணி அதைக் கவ்விப் பிடிச்சுக்குமாம், கைப்பிடி திரும்பி வந்து நெஞ்சுல மோதுமாம், ஓடுற படகு அப்படியே செத்துப் போயி நின்னுடுமாம், அடியில இருந்து நண்டு பிடிச்சு இழுத்த மாதிரி இருக்கறதால அதுக்கு அந்தப் பேராம். கையில வந்த பதக்கம் அதுலதான் போச்சு, அக்கா நாலாவதா வந்திருக்கான்னான். நான் அப்படியே மெஷின் மேல தலையைச் சாய்ச்சுட்டேன். அழுதுக்கிட்டு இருக்கிற பிள்ளைகிட்ட வேக வெச்சு சாப்பிடுன்னு சொல்லியிருக்கேனே.

அப்புறம் உன் தம்பி போன்ல அந்தப் போட்டியைப் போட்டுக் காட்டச் சொல்லி நான் எத்தனையோ தடவை பார்த்துட்டேன். டிவியில எல்லாம் நண்டு பிடிச்ச அந்த ஒரு நொடியையே திரும்பத் திரும்பக் காட்டினாங்க. அதுக்கு அப்புறம் நீ என்ன செஞ்சேன்னு ஒருத்தரும் காட்டலை. துடுப்பைப் பிடுங்கி எடுத்தே, ஒரு தடவை தலையைக் குலுக்கினே, மறுபடி இழுக்க ஆரம்பிச்சே. உன்னைத் தாண்டிப் போனவங்களை ஒவ்வொருத்தரா பிடிச்சுக்கிட்டே வந்தே, கடைசியில மூணாவது வந்தவளுக்கும் உனக்கும் நடுவுல ஒரு கை அகலம்தான் இருந்துச்சு. என் மெஷின்ல ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நூல் அறும், அறுந்த இடத்துலயே திரும்பக் கோத்து ஓட்டுவேன், அதுக்காக இவளுக்குத் தைக்க வராதுன்னு யாராவது துணியைப் பிடுங்கிட்டுப் போனாங்களா? நம்ம சந்துல யாரும் உன்னைக் கேலி பண்ணலை, அதையும் தெரிஞ்சுக்கோ. விவரம் தெரிஞ்ச மறுநாள் பேக்கரிக்காரர் நண்டு மாதிரி ஒரு பன் சுட்டுக் கண்ணாடி ஜன்னல்ல வெச்சார், கால் எல்லாம் கோணலா பார்க்கவே கண்றாவியா இருந்துச்சு, ஆனா ஒரு மணி நேரத்துல தீர்ந்து போச்சு. இன்னும் சனிக்கிழமை ஆனா போடுறார். சந்துப் பிள்ளைங்களுக்கு நீ இப்ப நண்டக்கா, உன்னைத் திட்டுறதுக்கு இல்லை, உன் பேரைச் சொல்லித்தான் அதுங்க மழைத் தண்ணியில பலகையைப் போட்டு ஓட்டுதுங்க.

நண்டும் இல்லை, வயசும் இல்லை, அவங்களுக்கு உன் மேல இருக்கிற கோபம் என்னன்னு எனக்குத் தெரியாதா. நீ பத்திரிகைக்காரங்ககிட்ட வாயைத் திறந்தே. ஆம்பளைங்களுக்குப் புதுப் படகு, அவங்க ஓட்டித் தேய்ச்சு ஒட்டுப் போட்டுத் தள்ளிவிட்ட படகு எங்களுக்குன்னு சொன்னே. அதுல காலை வெக்கப் படகோடவே பூட்டியிருக்கிற ஷூ கூட ஆம்பளை அளவு, துணியைத் திணிச்சுக்கிட்டுக் காலை விடுறோம்னு சொன்னே. ஊர் பூரா சிரிச்சதும் வேற வழி இல்லாம பொண்ணுங்களுக்குன்னு புதுப் படகு வாங்கினாங்க. உன் வாயால வந்த படகு அது. இப்ப படகு மட்டும் வேணுமாம், வாய் வேண்டாமாம். அதை நேரா சொல்ல முகம் இல்லாம பாராட்டு விழா, நாற்காலின்னு நம்ம காதுல பூ சுத்தப் பார்க்கிறாங்க. உதவி மேலாளர்னா என்ன வேலைன்னு நான் ஒரு வார்த்தை கேட்டேன் அவரை, டீமுக்கு டிக்கெட் போடுறது, துண்டு எண்ணி வைக்கிறதுன்னார். துண்டு எண்ணுறதுக்கா நீ இவ்வளவு காலம் உள்ளங்கை கிழிஞ்சே?

நீ எப்படிப் படகுக்குப் போனேன்னு அவங்களுக்கு என்ன தெரியும். பதிமூணு வயசுல ஒவ்வொரு மாசமும் உன் யூனிபார்ம் சட்டைக்குத் தோள் பிரிச்சுக்கிட்டே இருந்தேன், உள்ள விட்ட துணி எல்லாம் தீர்ந்து போயி கடைசியில வேற துணி ஒட்டுக் குடுத்தேன். உங்க அத்தை வந்து பார்த்துட்டு அய்யய்யோ ஆம்பளைத் தோளா இருக்கே, இதை எவன் கட்டிக்குவான், இனிமே வெயிட் தூக்க விடாதேன்னாங்க. உடம்புக்குத்தான் அண்ணி துணியைப் பிரிச்சுத் தைக்கிறது, துணிக்காக உடம்பை வெட்டுறது இல்லைன்னேன். அதுல இருந்து அவங்க ரெண்டு மாசம் நம்ம வீட்டுப் பக்கம் வரலை, நிம்மதியா இருந்துச்சு. பள்ளிக்கூட விளையாட்டு டீச்சர்தான் உன் கையை நீட்டச் சொல்லி அளந்து பார்த்துட்டு நீர்த்தேக்கத்துப் படகுக் கிளப்புக்கு அனுப்பி வெச்சாங்க. முதல் நாளே கவிழ்ந்து சொட்டச் சொட்ட நனைஞ்சு வந்து நின்னே, பையில ஒரு பாசி வேற, நான் திட்டின திட்டு சந்து முனை வரைக்கும் கேட்டிருக்கும், நீ பாட்டுக்கு நாளைக்கும் போறேன்மான்னே. உங்கப்பா அப்ப அந்தப் பாலம் வழியாத்தான் பஸ் ஓட்டினார். பாலம் வந்தா வண்டி தானா மெதுவாயிடும், என்னய்யா பஞ்சரான்னு பின்னாடி இருந்து சத்தம் போடுவாங்க, இவர் ஜன்னல் வழியா தண்ணியில உன்னைத் தேடிக்கிட்டு இருப்பார். கொஞ்ச நாள் போனா பாலம் வந்ததும் பஸ்ஸுல இருக்கிறவங்களே அதோ அதோன்னு காட்ட ஆரம்பிச்சுட்டாங்க. முதல் தடவை நீ வெளிநாடு போறப்ப சங்கத்துல குடுத்த டிரஸ் ஞாபகம் இருக்கா, ஆம்பளை அளவுல வெட்டினது, தோள்ல இறுக்கம் இடுப்புல தொளதொளன்னு. விடிய விடிய மெஷின் ஓட்டினேன். உன்னுதை மட்டுமா, உன்னோட போன அத்தனை பொண்ணுங்களோடதும் மூட்டையா வந்து இறங்கிச்சு. அந்தப் பயணத்துல நீ கழுத்துல பதக்கத்தோட நின்ன போட்டோவை யார் பார்த்தாலும் பதக்கத்தைப் பார்த்தாங்க, நான் தோள் தையலைத்தான் பார்த்தேன், ஒரு சுருக்கம் இல்லை.

விலா எலும்புல கீறல்னு வந்தப்பவும் இதையேதான் சொன்னாங்க, அவ கதை முடிஞ்சுதுன்னு. தும்மினா உயிர் போகும் உனக்கு, தலை வார கையைத் தூக்க முடியலை, நான்தான் உட்கார வெச்சு வாரி விட்டேன். நீ சின்னக் குழந்தையா இருந்தப்ப கூட அவ்வளவு நேரம் எனக்குத் தலையைக் குடுத்தது இல்லைடி, சொல்லப்போனா எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம் கூட இருந்துச்சு, பொண்ணு வீட்டுல இருக்காளேன்னு. வலி கொஞ்சம் குறைஞ்சதும் நீ என்கிட்ட கேட்ட முதல் விஷயம் எலாஸ்டிக். பேன்ட் இடுப்புக்குப் போடுற எலாஸ்டிக்கை நாலு மடிப்பா தைச்சுக் குடுத்தேன், சமையல் அறை ஜன்னல் கம்பியில கட்டி, தரையில உட்கார்ந்து பல்லைக் கடிச்சுக்கிட்டு இழுப்பே, நான் வெங்காயம் நறுக்கிக்கிட்டே பார்ப்பேன், கண்ணுல தண்ணி வந்தா வெங்காயம்னு சொல்லிக்கலாமே. ஜன்னல் கம்பி கொஞ்சம் வளைஞ்சு போயி இன்னும் அப்படியேதான் இருக்கு. உங்கப்பா நிமிர்த்துறேன்னு சுத்தியலோட வந்தார், கையை வெச்சீங்கன்னா தெரியும்னு விரட்டி விட்டேன்.

கேம்ப்ல போனைக் குடுக்கறதுக்கு முன்னாடி கடைசியா பேசினப்ப, அம்மா நான் போதும்னு சொல்லிடட்டுமா, எனக்கே ஒண்ணும் தெரியலைம்மான்னு கேட்டே. நான் பதில் சொல்றதுக்குள்ள யாரோ கூப்பிட்டாங்கன்னு வெச்சுட்டே. அந்தக் கேள்வி அன்னையில இருந்து ஊசி மாதிரி குத்திக்கிட்டே இருக்கு. அதுக்குப் பதில் இதுதான், காதைக் குடுத்துக் கேளு. சொல்லாதே. உனக்கே வேண்டாம்னு ஆயிடுச்சா, துடுப்பைப் பார்த்தா வெறுப்பா இருக்கா, தாராளமா விட்டுட்டு வா, ஏன்னு ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், உன் கட்டில் மேல இருக்கிற துணியை எல்லாம் இறக்கி வெச்சுட்டு விரிப்பு மாத்திப் போடுவேன். ஆனா அது போட்டி முடிஞ்ச மறுநாள், உன் வாயால. தண்ணியைப் பார்த்தா தலை சுத்துற மனுஷன் வாயால இல்லை. இன்னொண்ணு யோசிச்சியா? நீ எப்படியும் தோத்துடுவேன்னு அவங்களுக்கு நிச்சயமா தெரிஞ்சா பேசாம தோக்க விட்டிருப்பாங்களே, வேலை மெனக்கெட்டு கோட்டு மாட்டிக்கிட்டு நம்ம வீட்டுப் படியேறி ஒரு தையல்காரிகிட்ட கெஞ்சுவாங்களா? பயந்துக்கிட்டுத்தான் வந்திருக்கார். 

நீ ஜெயிச்சுடுவேன்னு நான் எழுதலை, எனக்கு ஜோசியம் தெரியாது. அந்தச் சின்னவ கெட்டிக்காரின்னு நீயே சொல்லியிருக்கே, நீதானே அவளுக்கு முதல்ல துடுப்புப் பிடிக்கக் கத்துக் குடுத்தே. அவ மேல கோபப்படாதே, அவளும் எவளோ ஒருத்தி பெத்த பிள்ளை, அவ டிரஸ்ஸுக்கும் நான்தான் தோள் பிரிச்சுக் குடுத்தேன், நல்ல அகலமான தோள். அவ உன்னை முந்திட்டுப் போனா போகட்டும், கரைக்கு வந்து அவளைக் கட்டிப் பிடிச்சுட்டு வீட்டுக்கு வா. ஆனா நீ ஒதுங்கிக் குடுத்து அவ ஜெயிக்கக் கூடாது, அது அவளுக்கும் அவமானம். நாளைக்கு அவளுக்கு வயசானா அவ வீட்டுக்கும் ஒரு கோட்டு போகும், நினைச்சுக்கோ. தோக்கறதா இருந்தா தண்ணியில தோத்துட்டு வாடி, மண்டபத்துல மைக் முன்னாடி தோக்காதே. எனக்கு அந்தப் பாராட்டு விழாவுக்கு வர்றதுக்கு நல்ல துணியும் இல்லை, எல்லாம் ஊருக்குத் தைச்சதுதான்.

உங்கப்பாவுக்கு மட்டும் கொஞ்சம் மனசு இடிக்குது. அந்த எலும்பு மறுபடி கீறல் விட்டுச்சுன்னா என்ன செய்யறதுன்னு நேத்து என்கிட்ட சண்டைக்கு வந்தார், ரெண்டு பேரும் கத்திக்கிட்டோம், அவர் சாப்பிடாம படுத்துட்டார், அப்புறம் பசி தாங்காம எழுந்து வந்து ரொட்டியை எடுத்துத் தின்னுட்டு என் பக்கத்துல உட்கார்ந்தார். நான் எழுதின வரைக்கும் வாங்கிப் படிச்சுட்டு ஒரு வரி சேர்த்துக்கோன்னு சொன்னார். ஸ்டாப் வர்றதுக்கு முன்னாடி நடு ரோட்டுல எவன் கை காட்டினாலும் வண்டியை நிறுத்தக் கூடாதுன்னு எழுதச் சொன்னார், எழுதிட்டேன். ஆனா வலிச்சா மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லணும்னும் சொன்னார், அது நானும் சொல்றது. உன் தம்பி கடையில ரிப்பேருக்கு வந்த ஒரு பெரிய டிவியை முடிச்சுட்டுத் திருப்பிக் குடுக்காம இழுத்தடிச்சுக்கிட்டு இருக்கான், உங்க போட்டியை அதுல பார்த்துட்டுத்தான் குடுப்பானாம், டிவிக்காரர் தினமும் வந்து திட்டிட்டுப் போறார், பேசாம நீங்களும் வந்து பாருங்கன்னு கூப்பிட்டு வெச்சிருக்கான். உங்க அத்தை பேச்சைக் கேளு, போற பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டுப் போறதெல்லாம் ஒரு ஆட்டமா, போற இடமே தெரியாதேன்னு நேத்து மறுபடி ஆரம்பிச்சாங்க. உங்கப்பா ஒரே போடா போட்டார், அக்கா அதுல முன்னாடி போறவளுக்குத்தான் பின்னாடி வர்ற அத்தனை பேர் மூஞ்சியும் தெரியும்னு. உடனே அத்தை, அப்போ அந்தக் கோட்டுக்காரன் மூஞ்சி எப்ப தெரியும்னு கேட்டாங்க. எனக்கே அவங்க மேல ஒரு மரியாதை வந்துடுச்சுன்னா பார்த்துக்கோ.

கவருக்குள்ள சின்னதா ஒரு துணி மடிச்சு வெச்சிருக்கேன், பிரிச்சுப் பாரு. கவர் தைச்ச அதே சிவப்பு நூல்ல ஒரு நண்டு போட்டிருக்கேன், கால் எண்ணிப் பார்த்துக் குறை சொல்லாதே, பேக்கரிக்காரர் நண்டுக்கு இது எவ்வளவோ மேல். போட்டி டிரஸ்ல உள் பக்கமா, கீறல் விட்டுச்சே அந்த விலாப் பக்கத்துல வெச்சு ரெட்டை நூல்ல தைச்சுக்கோ, வெளியில தெரியாது, சட்டம் பேசுறவங்களுக்கும் வேலை இல்லை. முடிச்சைப் பக்கவாட்டுல தள்ளிப் போடு, இல்லைன்னா இழுக்கும்போது உரசும். உன்னைக் கவ்விப் பிடிச்சு நிறுத்தினதை நீ விலாவுல வெச்சுக்கிட்டுப் போகணும், அதான் எனக்கு ஆசை. இதையும் பொத்தான் சார்தான் நெஞ்சோட அணைச்சு எடுத்துட்டு வந்திருக்கார் பாவம், நான் தைச்சுக் குடுத்த பாக்கெட்ல.

நேரத்துக்குச் சாப்பிடு, உள்ளங்கையில கொப்புளம் உடைஞ்சா ஊதிக்கிட்டு நிக்காம மருந்து போடு, ஈரத் தலையோட தூங்காதே, சின்னவளையும் தூங்க விடாதே. உன் தோளும் கையும் எலும்பும் உனக்குச் சொன்ன பேச்சு கேட்கட்டும், நீ நல்லா இரு கண்ணு, நிமிர்ந்து இரு, நானும் அப்பாவும் மனசார வாழ்த்துறோம். படிச்சு முடிச்சதும் கடிதத்தை மடிச்சு உள்ள வெச்சுக்கோ. அவர் எப்படியும் ஆவலா கிட்ட வந்து அம்மா என்ன சொன்னாங்கன்னு கேட்பார். கண்ணைத் துடைச்சுக்கிட்டு, எங்க அம்மா சொன்னபடியே செய்யறேன் சார்னு சொல்லு. அதுல ஒரு பொய்யும் கிடையாது.

இப்படிக்கு,
நண்டு பிடிச்சவளைப் பெத்தவள்